சொகுசுக் கப்பலில் சாப்பாடு: எந்தக் கம்பெனி எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலில் விடுமுறைக்குப் போகப் போகிறோம் என்று சொல்பவர்கள் அறை, துறைமுகம், விசா எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது சாப்பாட்டில்தான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ருசி ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சமையலறை எப்படி இயங்குகிறது என்பது மாறாது, அதை வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யார் கப்பலில் சாப்பாடு நன்றாக இருக்கும்?

பணத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றால் ஓஷனியா, சில்வர்சீ, ரீஜென்ட், சீபோர்ன். குழந்தைகள் கூட வரவில்லை, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றால் வெர்ஜின் வாயேஜஸ். நடுத்தரத்தில் செலிபிரிட்டியும் ஹாலந்து அமெரிக்காவும். குடும்பம் குடும்பமாக ஏறுகிற பெரிய கப்பல்களான ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன், எம்.எஸ்.சி. நான்கும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தில் முந்தும், இன்னொன்றில் கோட்டைவிடும்.

ஆனால் கம்பெனி பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு சமையலறை ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குச் சமைக்கிறது, அடுப்பிலிருந்து இறங்கியது எத்தனை நிமிடத்தில் உங்கள் தட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். ஒரே கப்பலுக்குள்ளேயே இந்த இரண்டும் இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் ஒரே வாரத்தில் ஒரே கப்பலில் போன இரண்டு பேர், ஒருவர் பிரமாதம் என்றும் இன்னொருவர் வாயில் வைக்க முடியவில்லை என்றும் சொல்கிறார்கள்.

ஓர் ஆளுக்குச் சாப்பாட்டுக்காக உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறார்கள்?

பங்குச் சந்தையில் இருக்கும் கப்பல் குழுமங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் உணவுச் செலவைத் தனி வரியாகவே காட்டுகின்றன. எத்தனை பயணிகள் எத்தனை நாள் கப்பலில் இருந்தார்கள் என்ற மொத்தக் கணக்கும் அதே அறிக்கையில் இருக்கும். ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் கார்னிவல் குழுமத்துக்கும் ராயல் கரீபியன் குழுமத்துக்கும் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15, 16 டாலர்தான் வரும். காலைச் சாப்பாடு, மதியம், இரவு, நடுவில் பீட்சா, ஐஸ்கிரீம் எல்லாம் அதற்குள்ளேதான்.

மலிவாகத் தெரிகிறது அல்லவா? மொத்தமாக வாங்குவதால் அந்தப் பணத்துக்கு நிறையவே கிடைக்கும். ஆனால் அதற்குள் தினமும் நல்ல மாட்டிறைச்சியும் பெரிய இறாலும் எல்லோருக்கும் போட முடியாது. விலை உயர்ந்த பண்டங்கள் தனிக் கட்டண உணவகத்துக்கு நகர்ந்ததன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செலிபிரிட்டியும் சில்வர்சீயும் ராயல் கரீபியன் குழுமத்துடையவை. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, குனார்ட், சீபோர்ன் எல்லாம் கார்னிவல் குழுமத்துக்குச் சொந்தம். ஓஷனியாவும் ரீஜென்டும் நார்வீஜியன் குழுமத்தில். முதலாளி ஒருவர்தான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் தட்டில் விழும் காசு வேறு.

கட்டணத்தில் எது அடக்கம், எதற்குத் தனிக் காசு?

பெரிய கப்பல்களில் பஃபே, மெயின் டைனிங் ரூம் எனப்படும் பெரிய சாப்பாட்டுக் கூடம், பீட்சா, பர்கர் மாதிரியான சில கவுன்டர்கள் டிக்கெட்டிலேயே அடக்கம். ஸ்டேக் ஹவுஸ் (தடித்த மாட்டிறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தரும் உணவகம்), ஜப்பானிய உணவகம், இத்தாலிய உணவகம் போன்றவை பெரும்பாலும் தனி. ஸ்டேக் ஹவுஸில் இரவுச் சாப்பாடு இப்போது ஓர் ஆளுக்கு 50 டாலரை எளிதாகத் தாண்டிவிடுகிறது. அதன் மேல் 18 அல்லது 20 சதவீத சேவைக் கட்டணம் வேறு.

அடக்கம் என்று சொல்லும் இடத்திலும் சின்னச் சின்ன வெட்டுகள் உண்டு. கார்னிவலின் கூடத்தில் மூன்றாவது மெயின் டிஷ் கேட்டால் 5 டாலர் வாங்கும் வழக்கம் 2021-ல் வந்தது. மூன்று மெயின் டிஷ் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்காதீர்கள், சாப்பிடுகிறார்கள். மத்தியதரைக்கடல் பயணங்களில் எம்.எஸ்.சி., கோஸ்டா கப்பல்களின் இரவு மேஜையில் பாட்டில் தண்ணீருக்கே காசு. நம் ஆட்கள் முதல் நாள் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவது இங்கேதான். பஃபேயில் குழாய்த் தண்ணீர் இலவசம், பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் டைனிங் ரூம் சாப்பாடு ஏன் சில நாள் ஆறிப்போய் வருகிறது?

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இலை. கப்பலில் அது ஆயிரத்துக்கும் மேல், அதுவும் எல்லோரும் வேறு வேறு பண்டம் கேட்கிறார்கள். அதைச் சமாளிக்க சமையலறை ஒவ்வொரு பண்டமும் எத்தனை போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, பெரும்பகுதியைத் தயாராக வைத்துவிடும். பரிமாறுபவர் தட்டுகளை மூடி போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகப் பெரிய தாம்பாளத்தில் அடுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார். சில கப்பல்களில் சமையலறை வேறு தளத்தில் இருக்கும், எஸ்கலேட்டரில் ஏறி வரவேண்டும். உங்கள் மேஜைக்கு வரும்போது மீனின் ஓரம் காய்ந்திருந்தால் சமைத்தவர் மேல் மட்டும் பழி போட முடியாது.

ஆகவே கூடத்தில் ஆர்டர் செய்யும்போது காத்திருந்தாலும் கெடாத பண்டத்தைக் கேளுங்கள். சூப், நீண்ட நேரம் வேகவைத்த கறி, குழம்பு வகைகள் தாக்குப்பிடிக்கும். பாஸ்தாவும் மெல்லிய மீன் துண்டும் தாக்குப்பிடிக்காது. வறுத்தது எதுவும் மூடிக்குள் நமத்துப்போகும்.

பெரிய நான்கு கம்பெனிகளைத் தனித்தனியாக ஒப்பிடுங்களேன்.

கார்னிவலை மலிவுக் கப்பல் என்று இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காசு வாங்காத கவுன்டர்களில் அவர்களை அடிக்க ஆளில்லை. 2011-ல் தொடங்கிய கைஸ் பர்கர் ஜாயின்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிவி சமையல்காரர் கை ஃபியேரியின் பெயரில் நீச்சல் குளத்தோரம் இருக்கும். சூடான இரும்புக் கல்லில் கறியை அழுத்தி வேகவைத்து, மேலே சீஸ் உருகும்போதே பன்னுக்குள் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெங்காயம், காளான், சாஸ் நாமே போட்டுக்கொள்ளலாம். கல்லுக்கும் வாய்க்கும் நடுவில் சில நிமிடங்கள்தான். 50 டாலர் கொடுத்துச் சாப்பிடும் இடத்தில்கூட இந்தச் சூடு சில நேரம் கிடைப்பதில்லை. பக்கத்திலேயே மெக்சிகோ வகைச் சாப்பாட்டுக்கு ப்ளூ இகுவானா. கூடத்தில் கேட்கவேண்டிய ஒரே இனிப்பு, உள்ளே உருகி ஓடும் சூடான சாக்லேட் கேக்.

ராயல் கரீபியனின் பலம் எண்ணிக்கை. 2024-ல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் சாப்பிடவும் குடிக்கவும் 40 இடங்களுக்கு மேல். பலவீனம் கூடம்தான். 2023-ல் மெனுவை மாற்றினார்கள், பழைய பயணிகளின் புலம்பல் இன்னும் ஓயவில்லை. வின்ட்ஜாமர் பஃபே பரவாயில்லை ரகம். ஒரு பக்கம் இந்திய வகைகள் இருப்பது நமக்கு ஆறுதல்.

நார்வீஜியன் 2000-ல் ஃப்ரீஸ்டைல் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பெரும்பாலான கப்பல்களில் இரவுச் சாப்பாட்டுக்கு நேரமும் மேஜையும் குறித்துக் கொடுத்துவிடுவார்கள், தினமும் அதே ஆட்களோடுதான் உட்கார வேண்டும். அதை உடைத்தது இவர்கள்தான். ஆனால் இவர்களுடைய நல்ல சாப்பாடு பெரும்பாலும் தனிக் கட்டண உணவகங்களில் இருக்கிறது. டிக்கெட்டோடு உணவகத் தொகுப்பும் சேர்ந்து வரும் சலுகை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

எம்.எஸ்.சி. இத்தாலியக் குடும்பத்தின் கம்பெனி. பீட்சா நன்றாக இருக்கும், சில கப்பல்களில் அதற்கான மொசரெல்லா சீஸைக் கப்பலிலேயே செய்கிறார்கள். மற்றபடி அமெரிக்கர்கள் குறை சொல்லும் அளவுக்கு மோசமில்லை. ஐரோப்பிய நாக்குக்குச் சமைக்கிறார்கள், அவ்வளவுதான்.

செலிபிரிட்டி, ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ்?

இங்கே கூடத்துச் சாப்பாடே ஒரு படி மேல். செலிபிரிட்டியின் ஓஷன்வியூ கஃபே பஃபேயில் இந்திய வகைகளைப் பலரும் பாராட்டுகிறார்கள். அதைத் தேடியே திரும்பப் போகிறவர்கள் உண்டு. ஹாலந்து அமெரிக்கா மீனில் கவனம் செலுத்துகிறது. துறைமுகத்தில் வாங்கிய மீனை 48 மணி நேரத்துக்குள் பரிமாறுவதாகச் சொல்கிறார்கள். அலாஸ்கா பக்கம் போனால் சால்மனுக்காகவே இந்தக் கம்பெனியைப் பார்க்கலாம். பிரின்சஸில் பீட்சா நன்று, மீதி நடுத்தரம்.

ஓஷனியா அவ்வளவு உசத்தியா? விளம்பரம்தானே?

கடலில் இதைவிட உயர்ந்த சாப்பாடு இல்லை என்ற அர்த்தத்தில்தான் அவர்கள் விளம்பரமே இருக்கும். விளம்பரத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கைப் பாருங்கள். அவர்களுடைய விஸ்டா கப்பலில் ஏறத்தாழ 1,200 பேர்தான். ஐகானில் அதிகபட்சம் 7,600 பேர் வரை ஏறலாம். ஓஷனியாவில் ஆசிய உணவுக்கு ரெட் ஜிஞ்சர், ஸ்டேக்குக்கு போலோ கிரில், இத்தாலிய உணவுக்கு டொஸ்கானா என்று தனித்தனி உணவகங்கள் உண்டு. எதற்கும் கூடுதல் காசு கிடையாது. கூட்டம் பல சின்னச் சமையலறைகளாகப் பிரிந்துவிடுவதால் ஒவ்வொரு தட்டையும் ஒருவர் நின்று கவனிக்க முடிகிறது. பிரெஞ்சு சமையல்காரர் ஜாக் பெபான் தொடக்கத்திலிருந்தே இவர்களோடு இருந்தவர், அந்தப் பிடிவாதம் ரொட்டியிலேயே தெரியும்.

டிக்கெட் விலை கசக்கும். ஆனால் பெரிய கப்பலில் தினமும் தனிக் கட்டண உணவகத்துக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது.

பஃபேயே இல்லாத கப்பல் இருக்கிறதாமே?

வெர்ஜின் வாயேஜஸ். முதல் கப்பலான ஸ்கார்லெட் லேடி 2021-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. பஃபேயும் இல்லை, பெரிய கூடமும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட சின்ன இடங்கள், உணவகங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கொரிய உணவகமான கன்பேயில் உங்கள் மேஜையிலேயே கறி சுடுகிறார்கள். இதைவிடக் குறைவான தூரம் அடுப்புக்கும் தட்டுக்கும் இருக்க முடியாது. ரேசில் டேசில் என்ற இடம் காய்கறிக்கு முதலிடம் கொடுத்துத் தொடங்கியது. இந்தக் கம்பெனியின் கப்பல்கள் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

குழந்தைகளோடு போனால்?

டிஸ்னி. தினம் ஒரு உணவகம், ஆனால் பரிமாறும் ஆட்கள் உங்களோடு கூடவே மாறி வருவார்கள். உங்கள் பிள்ளை தயிர் கேட்கும், தக்காளி தொடாது என்பது மூன்றாவது நாள் அவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

பிரபல சமையல்காரர் பெயர் போட்டிருந்தால் நம்பலாமா?

பெயர் போட்டவர் கப்பலில் நின்று சமைக்கப்போவதில்லை. பண்டங்களை வடிவமைத்துக் கொடுப்பார், சமைப்பது கப்பல் ஆட்கள்தான். ஆனாலும் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. செலிபிரிட்டி பியாண்ட் கப்பலில் பிரெஞ்சு சமையல்காரர் டானியல் புலூவின் உணவகம் சின்னது, தனிச் சமையல், தனிக் கவனம். சீபோர்ன் கப்பல்களில் அமெரிக்க சமையல்காரர் தாமஸ் கெல்லரின் பெயரில் உணவகம் பல ஆண்டுகள் இருந்து 2024-ல் முடிவுக்கு வந்தது. பழைய விமர்சனங்களைப் படித்து அந்த உணவகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நல்ல இந்தியச் சாப்பாடு எந்தக் கப்பலில்?

பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களில் சிந்து என்று ஓர் உணவகம் இருக்கிறது. 2010-ல் அசூரா கப்பலில் அதுல் கோச்சரின் மேற்பார்வையில் தொடங்கியது. சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரத்தை லண்டனில் பெற்ற முதல் இந்தியச் சமையல்காரர்களில் ஒருவர் அவர். கூடுதல் கட்டணம் உண்டு, வெள்ளைக்காரர்களே வரிசையில் நின்று முன்பதிவு செய்கிறார்கள். கார்னிவலின் சில கப்பல்களில் மேல்தளத்தில் தந்தூர் கவுன்டர் இருக்கிறது.

ஆனால் எங்கே போனாலும் பலிக்கிற வழி வேறு. பெரும்பாலான கப்பல்களில் சமையலறையில் இந்தியர்கள் இருப்பார்கள், கோவா, கேரளா, மும்பை ஆட்கள் நிறைய. முதல் நாள் இரவே கூடத்தின் ஹெட் வெயிட்டரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: நாளைக்கு ஒரு பருப்பு, ஒரு காய், ஒரு கோழிக்குழம்பு, கொஞ்சம் காரமாக. மெனுவில் இல்லாத அந்தத் தட்டு மறுநாள் வந்து சேரும், அநேகமாக அந்த வாரத்திலேயே நீங்கள் சாப்பிட்ட நல்ல சாப்பாடாக இருக்கும். உங்கள் மேஜைக்கென்று தனியாகச் சமைத்தது அல்லவா! வடநாட்டுக் கைமணம்தான் இருக்கும், சாம்பார் கேட்டால் கொஞ்சம் தித்திக்கும். தோசை, இட்லி எதிர்பார்க்க வேண்டாம்.

சுத்த சைவத்துக்குச் சிரமமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். கார்னிவல் கூடத்தில் தினமும் ஓர் இந்திய சைவத் தட்டு மெனுவிலேயே இருக்கும். ராயல் கரீபியனிலும் கேட்டால் கிடைக்கும். கவனிக்கவேண்டியவை: காய்கறி சூப்பில் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர், இனிப்பில் ஜெலட்டின் (விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது), ஆசிய வகைகளில் மீன் சாஸும் சிப்பி சாஸும். பெயரில் காய்கறி இருக்கிறது என்று நம்பிவிடாமல் கேட்டுவிடுங்கள். முட்டையும் சேராது என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், வெஜிடேரியன் என்றால் முட்டை சேரும் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். ஜைன உணவு, ஒவ்வாமை இவற்றையெல்லாம் கப்பலேறிய பிறகு சொல்லாமல் ஒரு மாதத்துக்கு முன்பே கம்பெனிக்கு எழுதிவிடுவது நல்லது.

சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்பும் கப்பல்கள்?

சிங்கப்பூரில் ஜென்டிங் ட்ரீம் கப்பல் 2022 ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிறுவனத்தின் பெயரில் ஓடத் தொடங்கியது, 2025-ல் அந்த நிறுவனம் ஸ்டார்ட்ரீம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஹலால் சான்று பெற்ற சமையல் உண்டு, இந்திய சைவத்தையும் கவனித்துச் செய்கிறார்கள். நம் ஊர் நாக்குக்கு ராயல் கரீபியனைவிட இது நெருக்கம். ஆனால் பஃபே நேரத்தில் கூட்டம் அம்மும்.

இந்தியாவில் கோர்டேலியா. அவர்களுடைய எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் கட்டப்பட்டது, முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் பயணங்கள் தொடங்கின. பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால் சமையலும் நமக்காகவே. சைவம், ஜைன உணவு கேட்காமலே கிடைக்கும். வெளிநாட்டுக் கப்பல்களின் பகட்டை எதிர்பார்த்து ஏறாதீர்கள், சப்பாத்தியும் பருப்பும் சூடாகக் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு இது சரி.

கப்பல் சமையலில் ஏன் அந்தச் சட்டி மணம் வருவதில்லை?

நெருப்பு இல்லை, அதுதான் காரணம். கடலில் தீ விபத்துதான் பெரிய பயம். அதனால் பெரிய கப்பல்களில் பெரும்பாலும் எரிவாயு அடுப்பே கிடையாது, எல்லாம் மின்சாரமும் நீராவியும்தான். தீ மேலெழும்பி வாணலியைச் சுற்றும் ஃப்ரைட் ரைஸ் மணத்தை அதில் கொண்டுவர முடியாது. காரம் குறைவது வேறு கணக்கு: பல நாட்டு ஆட்களுக்கும் ஒரே அண்டாவில் சமைப்பதால் யாரையும் சுடாத அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரே கம்பெனி, இரண்டு கப்பல், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சமையல் குறிப்பு தலைமை அலுவலகத்திலிருந்து வரும், சமையல்காரர் வருவது சில மாத ஒப்பந்தத்தில். அவர் இறங்கி அடுத்தவர் ஏறினால் கை மாறிவிடும். பழைய சின்னக் கப்பலில் உணவகங்களும் குறைவு. விமர்சனம் படிக்கும்போது கம்பெனி பெயரோடு நிற்காமல் கப்பல் பெயரையும் மாதத்தையும் பாருங்கள். "சாப்பாடு சூப்பர்" என்று எழுதியிருந்தால் தாண்டிவிடுங்கள். எங்கே, எந்த வேளை, என்ன பண்டம் என்று எழுதியவரை மட்டும் நம்பலாம்.

பஃபே சுத்தமாக இருக்குமா? வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படிச் சாப்பிடுவது?

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பில்லாமல் சோதிக்கிறது. மதிப்பெண் 100-க்கு. 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. முடிவுகளை இணையத்தில் எல்லோரும் பார்க்கலாம், உங்கள் கப்பலின் பெயரைத் தேடிப் பாருங்கள். சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது அவர்கள் விதி.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் கப்பலில் பெரும்பாலும் கையிலிருந்து கைக்கு வருவது. சானிடைசர் அதற்குப் போதாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பஃபேயில் நேராகத் தட்டை நீட்டாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பருப்பின் மேல் ஏடு படிந்திருந்தால் அது வந்து நேரமாகிவிட்டது. புதிய தட்டு வரும்வரை ஆம்லெட் போடும் இடத்திலோ, கண் முன்னே பாஸ்தா கிளறும் இடத்திலோ நில்லுங்கள். வரிசை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துப் போகலாமா?

கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாக்கெட்டுகளுக்குப் பொதுவாகத் தடை இல்லை. வீட்டில் சமைத்ததை விடமாட்டார்கள். ரைஸ் குக்கர், கெட்டில், இன்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஏறும்போதே பறிமுதல், இறங்கும்போது திருப்பித் தருவார்கள். பஃபேயில் எடுத்த வாழைப்பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரையில் இறங்காதீர்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் அதற்கு அபராதமே விழும்.